தயிர்ச் சட்டியில் வளர்த்த மரம்

கல்யாணம் முடிந்து மனைவியின் வீட்டுக்குக் குடிபோனபோது என்னிடம் ஒரு றங்குப் பெட்டியும் ஒரு மரமும் இருந்தன. பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். மரத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு போனேன். முழங்கை நீளம்கூட இல்லாத மரம். புது மாப்பிள்ளை பூச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறார் என்று தெருவில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது பூச்சட்டி இல்லை என்று ஆளாளுக்கு விளங்கப்படுத்தும் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் அது நிற்கும் வளவையும் அவள் பேருக்கு எழுதிவிடுவார்கள். ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். மனைவியின் வீடு கிழக்கே, எழுவான்கரையில். என் அண்ணன்மாரும் இப்படித்தான் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போனார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனைவியின் பேரில் உள்ள வீட்டில், மனைவியின் தாய் ஆளும் வீட்டில், நம்முடையது என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. எனக்கு அது இந்த மரம்.

நான் தபால் கந்தோரில் தந்தி அடிக்கிறவன். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வருடங்கள் அவை. மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைப்பதற்கு முன் நுவரெலியாவில் இருந்தேன். அங்கே ஒரு துரையின் பங்களாவைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் பச்சைச் சுவர் மாதிரி ஒரு செடிவேலி. சின்னச் சின்ன இலை, ஆனால் தடித்த இலை. தொட்டால் மெழுகு பூசியது போலிருக்கும். பொக்ஸ்வூட் என்று பெயர் சொன்னார்கள். துரைசானிக்கு ஒருநாள் அந்த வேலி அலுத்துவிட்டது. ரோஜா வைக்க வேண்டும், எல்லாவற்றையும் கிளப்புங்கள் என்று சொல்லிவிட்டார். அடிக்கட்டைகளை எரிப்பதற்காகக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை நான் கேட்டு வாங்கினேன். பெருவிரல் இரண்டு சேர்ந்த பருமன். அடியில் அகன்று, மேலே போகப்போகச் சிறுத்து, இடையில் தானாக விழுந்த ஒரு வளைவு. அப்படி ஒரு கட்டையை நெருப்புக்கு விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

கட்டையை நான் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. தபாலதிபரின் மேசையில் கிடந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் ஜப்பான்காரர் வளர்த்த மரம் ஒன்றின் படம் பார்த்திருந்தேன். உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு தேநீர்க் குவளையை வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். மரம் குவளையைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆனால் குவளையைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் குளக்கட்டில் நிற்கும் கிழட்டு மருதமரம்தான். எப்படிச் செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. கிளைகளில் கம்பி சுற்றியிருந்தது மட்டும் தெரிந்தது. தந்திக் கந்தோரில் வேலை செய்பவனுக்குக் கம்பிக்கு என்ன பஞ்சம்?

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் பாதியாக வெட்டி அதில் நட்டேன். நுவரெலியாக் குளிரில் அது கொஞ்சக் காலம் செத்ததுபோலவே நின்றது. பிறகு பழைய பட்டையிலேயே, இலை இருந்த அடையாளமே இல்லாத இடங்களில், ஊசிமுனை அளவில் பச்சை கிளம்பியது. இந்தச் செடியின் நல்ல குணம் அது. முற்றிய கட்டையிலும் துளிர்க்கும். துளிர்த்ததை எல்லாம் விட்டுவைத்தால் வெறும் பற்றைப் புதராகிவிடும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்து வேண்டாததைக் கிள்ள வேண்டும். உள்ளே வெளிச்சம் போகாவிட்டால் உள்ளிலைகள் காய்ந்து கொட்டும். அதனால் நெருக்கத்தை விரலால் ஆய்ந்துவிட வேண்டும். கத்தரிக்கோலை இலையின் நடுவே ஓட்டினால் வெட்டுவாய் தீய்ந்ததுபோலப் பழுத்துவிடும். எல்லாம் பிழைவிட்டுத்தான் படித்தேன். ஒருமுறை நாவிதர் தலைமயிர் வெட்டுவதுபோல ஒரே சீராக வெட்டிவிட்டு, மாதக் கணக்கில் அந்தப் பழுப்பு விளிம்புகளைப் பார்த்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மட்டக்களப்பு வெயில் அதற்குப் பிடிக்கவில்லை. வந்த முதல் வருடம் பாதி இலையைக் கொட்டியது. தகரம் சூடேறி வேர் வெந்துவிடும் என்று தெரிந்ததும் மண்சட்டி தேடினேன். எருமைத் தயிர் விற்கிற பெண்கள் கொண்டுவரும் சட்டி இருக்கிறதே, வாய் அகன்று, ஆழம் குறைந்து, நன்றாகச் சுட்ட மண். அதைவிடப் பொருத்தமான சட்டி ஜப்பானிலும் கிடைத்திருக்காது. ஆணி வைத்துத் தட்டினால் வெடித்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பி முனையால் மெல்லத் திருகித் திருகி அடியில் ஓட்டை போட்டேன். வாவிக்கரை மணலில் உப்பு இருக்கும். அதனால் ஆற்று மணலை அரித்துக் கழுவி, நொறுக்கிய செங்கல்லும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினேன். மனைவி வீட்டுக்குப் போனபோது மரம் அந்தச் சட்டியில்தான் இருந்தது. கிணற்றடியில் கமுகுகளின் நிழலில் ஒரு கல்லைப் போட்டு, அதன் மேல் வைத்தேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, மனைவியின் தாய். மாமனார் முன்னமே காலமாகிவிட்டார். மாமி என்னோடு நேராகப் பேசமாட்டார். மருமகனோடு மாமி பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. நான் முன்னறையில் இருந்தால் கதவு மறைவில் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார்.

"புள்ள, ஓட்டச் சட்டி வீட்டில இரிக்கப்படாதெண்டு அவருக்குத் தெரியாதாமா? கொள்ளிக் குடத்துக்குத்தான் ஓட்ட போடுவாங்க."

மனைவி என்னைப் பார்ப்பாள். "தண்ணி வடியாட்டி வேர் அழுகிப் போகும் எண்டு சொல்லு" என்று நானும் மனைவிக்கே சொல்வேன். ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு மூன்று பேரும் தந்தி அடித்துக்கொண்டிருந்தோம்.

மாமி கெட்டவர் இல்லை. மீனில் நடுத்துண்டு என் பீங்கானில்தான் விழும். மழைக்காலத்தில் நான் நனைந்து வந்தால் இஞ்சித் தேத்தண்ணி கதவடிக்கு வந்துவிடும், சொல்லத் தேவையே இல்லை. மரம் ஒன்றுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. வெயில் ஏறினால் அந்த இலைகளில் இருந்து ஒரு வாடை வரும், பூனை மூத்திர வாடை. அதை நானும் மறுக்க முடியாது. ஏறாவூரில் இருந்து சீலை விற்க வருகிற வியாபாரி ஒருநாள் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனவர், "இதென்ன ஐயா, இந்த மரத்தப் பட்டினி போட்டு வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டார். மாமி சீலையை விரித்துப் பார்த்தபடியே, "கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றார். வியாபாரியிடம் சொன்னால் எனக்குச் சொன்னதாகாது அல்லவா.

கம்பியால்தான் வினை வந்தது.

இந்தச் செடியின் கிளைகள் எல்லாம் மேலே பார்த்துத்தான் வளரும். வேலிக்கு அது நல்லது. கிழட்டு மரமாகத் தெரிய வேண்டுமானால் கிளை தாழ்ந்து, விரிந்து நிற்க வேண்டும். கிளை முற்றினால் வளைக்கையில் முறியும். ஆகவே இளசாக இருக்கும்போதே செப்புக் கம்பியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பணிய வைக்க வேண்டும். பிறகு கம்பியோடு வருடக் கணக்கில் விட வேண்டும். முந்திக் கழற்றினால் கிளை துள்ளிப் பழைய இடத்துக்கே போய்விடும். பிந்தினால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். புதுச் செப்புக் கம்பி விறைப்பானது. நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் நூல் மாதிரி இளகும். எனக்கு ஓய்வு கிடைப்பது செவ்வாய்க்கிழமை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாமியின் குசினி அடுப்பில் சிரட்டை நெருப்பை மூட்டிக் கம்பியைக் காய்ச்சினேன். பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து கிளை கிளையாகச் சுற்றினேன். வேலை நன்றாக வந்தது. சந்தோஷத்தில் சீட்டி அடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமி குசினி வாசலில் நின்று இதை முழுக்கப் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? செவ்வாய்க்கிழமை. செம்பு. நெருப்பு. ஓட்டைச் சட்டி. அதற்குள் வளரவிடாமல் நிறுத்தி வைத்த ஒரு மரம், அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிற ஒரு பிற ஊர் மனிதன். மட்டக்களப்புப் பெண்கள் மந்திரம் செய்து ஆண்களைக் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பழி ஆணின் மேல் விழுந்தது. வீட்டையே மந்திரத்தால் கட்டுகிறேன் என்று மாமி முடிவு செய்துவிட்டார். அன்று பின்னேரம் அடுப்புச் சாம்பலை வாரி வேலிக்கு வெளியே கொட்டி, அடுப்பை மெழுகி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அதற்குப் பிறகு கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் சீலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பாமல்தான் போவார்.

எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. சிரிப்பு நீடிக்கவில்லை. அந்த வருடம் மனைவிக்குப் பிள்ளை தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அடுத்தது ஏழாம் மாதம் வரை வந்து, உயிரில்லாமல் பிறந்தது. ஆண்பிள்ளை. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வளவின் மூலையில் நானே குழி வெட்டினேன்.

மாமி அழுது முடித்த பிறகு கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். "கட்டி வெச்ச வீட்டில வயிறு எப்பிடிப் புள்ள விளையும்? அவரிட்டக் கேளு."

மனைவி கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து, நான் மரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். நான் கந்தோரில் இருக்கும் பகல்களில் அவள்தான் அதற்குத் தண்ணீர் விடுகிறவள்.

"அம்மா சொல்றத நான் நம்பல்ல" என்றாள். "ஆனா அம்மா சொன்ன மறுகா இதப் பாக்க எனக்குப் பயமா இரிக்கி."

"கம்பி இது. செப்புக் கம்பி. கந்தோரில அடி அடியாக் கிடக்கு."

"அது எனக்குத் தெரியும்."

"இப்ப கழட்டினா எல்லாக் கிளையும் மேல போயிடும். பட்ட பாடு வீண்."

"கழட்டச் சொல்லி நான் சொல்லல்லியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கழற்றவில்லை. சட்டியைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம், அவள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினேன். தண்ணீரும் நானே விட்டேன். ஒரு மரத்தில் சுற்றிய கம்பிக்கும் ஒரு பெண்ணின் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு அப்போது தெரியும், இப்போதும் தெரியும். மாமிக்காகக் கழற்றினால் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் கட்டி வைத்துக் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அந்தக் கோபத்திலும் கொஞ்சம் நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் இதற்கிடையில் மரமாகிக்கொண்டு வந்தது. மேல் கிளைகள் பணிந்து நின்றன. எல்லாவற்றிலும் அழகு இடப்பக்கத்துக் கீழ்க்கிளை. அடிமரத்தின் வளைவில் இருந்து புறப்பட்டு, தாழ்ந்து, நுனியில் மட்டும் மெல்ல நிமிர்ந்து, சட்டியின் விளிம்பைத் தாண்டி நிற்கும். முதலில் கம்பி சுற்றியதும் அதில்தான். படத்தில் பார்த்த அந்தக் கிழட்டு மரத்தின் சாயல் எனக்கு அந்த ஒரு கிளையில்தான் கிடைத்தது. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தலையில் குடுமி வைத்த ஒரு கட்டை.

மூன்றாம் முறை பிள்ளை தங்கியது. மாமி களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார். நான் பட்டணத்து ஆஸ்பத்திரி டொக்டரிடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது, வலி தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றார். மாதம் ஏறஏற வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஏழாம் மாதம் கழிந்தது. எட்டாம் மாதமும் கழிந்தது. மாரி தொடங்கியது.

அந்த வருடத்து மாரி விடாமல் பெய்தது. வாவி ஏறி, பாலத்துக்குப் போகிற ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். கந்தோருக்குப் போக வழியில்லாமல் நான் வீட்டில் இருந்தேன். விடியற்காலையில் மனைவிக்கு வலி கண்டது. டொக்டர் சொன்ன ஆஸ்பத்திரி தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த வெள்ளத்தில் தோணி விட யாரும் வரவில்லை. தெருக்கோடியில் இருந்த மருத்துவிச்சிதான் சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்.

மத்தியானமாகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவிச்சி அறையை விட்டு வெளியே வந்து, "கட்டுகள அவுத்து விடுங்க" என்றார்.

பிள்ளை பிறக்கச் சுணங்கினால் எங்கள் பக்கத்தில் வீட்டில் உள்ள முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். வீட்டில் எது கட்டிக் கிடந்தாலும் தாயின் உடம்பும் கட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. மாமியும் அயல் பெண்கள் இரண்டு பேரும் தொடங்கினார்கள். மனைவியின் பின்னலை முதலில் அவிழ்த்தார்கள். றங்குப் பெட்டி, அலுமாரி, அரிசிப் பெட்டி எல்லாம் திறந்து கிடந்தன. நெல் மூட்டைகளின் வாய்க் கயிறு, கன்றுக்குட்டியின் கயிறு, கொடிக் கயிறு, கிணற்று வாளியின் முடிச்சு, எல்லாம் போயின. கன்றுக்குட்டி நேராக வீட்டுக்குள் வந்து மழைக்கு ஒதுங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டார் காயப் போட முடியாமல் எங்கள் விறாந்தையில் வைத்திருந்த மீன்வலை ஒன்று இருந்தது. முழுக்க முடிச்சு. அதை அவிழ்ப்பதற்கு ஒரு ஆயுள் போதாது என்பதால் வேலிக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாமி என் முன்னால் வந்து நின்றார். கதவு இல்லை, மறைவு இல்லை. முகத்துக்கு நேரே.

"மருமகன், அதையும் அவுத்து விடுங்க."

எதை என்று நான் கேட்கவில்லை. "வலையக் கொண்டு போன மாதிரி அதையும் வெளியில கொண்டு போய் வைக்கிறன், மாமி" என்றேன்.

"வல மீனுக்குக் கட்டினது. அது இந்த வீட்டுக்குள்ள கட்டினது. இங்கதான் அவுக்கணும்." அவர் கையைக் கூப்பினார். "உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

நான் மழைக்குள் போய்ச் சட்டியைத் தூக்கி வந்து விறாந்தையில் வைத்தேன். கம்பி நறுக்கும் குறட்டைக் கையில் எடுத்தேன். கம்பியைத் திருப்பி உருவக் கூடாது, கிளை முறியும். ஒவ்வொரு சுற்றாக நறுக்கித் துண்டு துண்டாக விழுத்த வேண்டும். உள்ளே மனைவி கத்தினாள். மேல் கிளைகளில் இருந்து தொடங்கினேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா, இல்லைதான். ஆனாலும் ஒரு சுற்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. நறுக்கியதும் சில கிளைகள் மெல்ல எழும்பின. எழும்பட்டும் என்று விட்டேன். ஒரு கிளையில் குறடு வழுக்கிப் பட்டை கிழிந்தது; அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமி உள்ளே போவார், வருவார், என் கையைப் பார்ப்பார், மறுபடி உள்ளே போவார். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

கீழ்க்கிளைக்கு வந்தபோது பிள்ளை அழுதது.

நான் குறட்டைக் கீழே வைத்தேன். அந்த அழுகையை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே இருந்த பெண்கள் சிரிக்கவில்லை, குரவையிடவில்லை. மருத்துவிச்சியின் குரல் மட்டும் தணிந்து கேட்டது. பிறகு மாமி கதவடிக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நஞ்சுக்கொடி விழல்ல" என்றார்.

பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி உள்ளே தங்கிவிட்டால் தாய்க்கு இரத்தம் நிற்காது. அதே தெருவில் போன வருடம் ஒரு பெண் அப்படித்தான் போனாள். அன்றும் வந்தது இதே மருத்துவிச்சிதான். மாமி என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்டு இரிக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

கீழ்க்கிளையின் கம்பி புதைந்து போயிருந்தது. மாரியில் பட்டை வீங்கி, கம்பியை மூடிக்கொண்டு வளர்ந்துவிட்டது. அடியில் ஒரு துண்டும் நுனியில் ஒரு துண்டும்தான் வெளியே தெரிந்தன. ஒரு முனையைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கத்தி முனையால் பட்டையைக் கீறிக் கீறி எடுத்தால் எடுக்கலாம், பொறுமையும் ஒரு மத்தியானமும் வேண்டும். உள்ளே மனைவியின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அதுதான் எனக்குப் பயம். கத்திக்கொண்டிருந்தபோது இவ்வளவு பயப்படவில்லை.

குறட்டைப் பிடித்துக் கிளையின் அடியில், மரத்தோடு ஒட்ட வைத்தேன். பொக்ஸ்வூட் இறுகிய மரம், ஒரு அமுக்கில் போகாது. இரண்டு கையாலும் அழுத்தி, திருகி, மறுபடி அழுத்தினேன். சடக்கென்று போனது. வெட்டுவாய் மஞ்சள் நிறம். கிளை கம்பியோடு நிலத்தில் விழுந்தது. பிறகு நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. மழை பெய்தது. கன்றுக்குட்டி என்னைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே பெண்களின் குரல் இளகியது. யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். அது சாதாரணக் குரல். மாமி வெளியே வந்தார், கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு.

"பொட்டப் புள்ள, மருமகன். கொடியும் விழுந்திட்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒண்டுமில்ல."

நான் கிளையை வெட்டியது முந்தியா, கொடி விழுந்தது முந்தியா என்று கேட்கவில்லை. மாமியும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் உள்ளே திரும்பப் போனவர், நின்றார். சட்டியைப் பார்த்தார். கிட்ட வந்தார். அந்த மரத்துக்கு அவ்வளவு கிட்ட அவர் வந்து நான் பார்த்ததில்லை. குனிந்து, நிலத்தில் கிடந்த கிளையை எடுத்தார்.

"அவுக்கத்தானே சொன்னன். இத ஏன் வெட்டினீங்க?"

"கம்பி புதைஞ்சு போயிற்று, மாமி. அவுக்க ஏலாது."

அவர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மரத்தில் இருந்த வெட்டுவாய்க்கு நேரே, இருந்த இடத்தில், இருந்த சரிவில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சமும் பிசகவில்லை.

"இந்தக் கொப்புத்தானே இதுக்கு வடிவு" என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மாமி உள்ளே போகவில்லை. கிளையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில், அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.